வேரும் கிளையும்: வழங்கிக் கணினியில் உரிமைப் பகிர்வு



ஓலையில் வாழ்ந்த தமிழ் தாளுக்கு வந்தது. தாளில் வாழ்ந்த தமிழ் இன்று மின்வடிவும் பெற்றிருக்கிறது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்நூல்களாக்கி விலையின்றி வழங்கி வருகிறது. இலக்கிய அமைப்புகளும் சிற்றிதழ்களும் தத்தம் படைப்புகளை இணையத்தில் ஏற்றி வைக்கின்றன. அப்படைப்புகள் எல்லாம் எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் இயங்கும் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியில் உறைகின்றன. ஓலையைக் கரையான் அரிப்பதற்கு நாள்கள் பல ஆகும். வழங்கியில் உள்ள ஒரு நூலகம் அழிய ஒரு தவறான கட்டளை போதும். ஆகவே, அக்கட்டளையை இடும் உரிமை யாருக்கு உண்டு, எந்த அளவிற்கு உண்டு என்னும் வினா, ஏடு காக்க விரும்பும் எல்லார்க்கும் உரிய வினாவாகும்.

வேர்ப் பயனர்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அம்மரபில் தலைமைப் பயனருக்கு ‘ரூட்’ என்று பெயர். தமிழில் ‘வேர்’ எனலாம். வேர்ப் பயனருக்குத் திறவாத கோப்பு இல்லை. மாற்ற இயலாத அமைப்பும் இல்லை. மற்றவரைத் தடுத்து நிறுத்தும் காவல், அவர் வந்தால் விலகி நிற்கும்.

இத்தகைய பேருரிமையை ஒருவரே வைத்திருந்தால் அவர் ஊரில் இல்லாத நாளில் வேலை நின்றுவிடும். ஐவரிடம் கொடுத்தாலோ, பிழை நேரும் வாயிலும் ஐந்தாகிவிடும். 1975ஆம் ஆண்டு சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் இச்சிக்கலுக்குரிய நெறியை எழுதி வைத்தனர். ஒவ்வொருவருக்கும் அவர்தம் பணியை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த உரிமையே தரப்படல் வேண்டும் என்பது அந்நெறியின் சாரம்.

வெப்மின் தந்த வழி

அந்நெறியைக் கட்டளை மொழி அறியாதோரும் கையாள வழி செய்த கருவிகளுள் ஒன்று வெப்மின். ஆஸ்திரேலியரான ஜேமி கேமரூன் 1997ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட இக்கருவி, வழங்கியின் ஆட்சி முழுவதையும் இணைய உலவியின் பக்கங்களாக்கித் தருகிறது. பெயர்ப் பதிவு, தரவுத்தளம், கால அட்டவணைப் பணிகள் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு கூறு உண்டு.

நிறுவிய நாளில் பொதுவாக வேர்ப் பயனரே இதனுள் நுழைவார். பின்னர் அவர் வேறு பயனர்களைப் படைத்து, இன்னாருக்கு இன்ன கூறு என்று பகிர்ந்தளிக்கலாம். கூறுக்குள்ளும் எல்லை வகுக்கலாம். ஓர் இலக்கிய அமைப்பு தன் வழங்கியில் நூலகம் ஒன்றும் இதழ் ஒன்றும் நடத்துவதாகக் கொள்வோம். இதழின் தரவுத்தளத்தைப் பேணுபவருக்கு அந்தத் தரவுத்தளம் மட்டும் புலப்படுமாறு செய்யலாம். நூலகத்தின் தரவுத்தளம் அவர் கண்ணிலேயே படாது. ஒரே பணியைச் செய்வோர் பலராயின் அவர்களை ஒரு குழுவாக்கி, குழுவிற்கே உரிமை வழங்கலாம். எந்த முகவரியிலிருந்து, எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் நுழையலாம் என்றும் வரையறுக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவேட்டில் நிற்கும். தம் அஞ்சலைப் படிக்கவும் தம் கடவுச்சொல்லை மாற்றவும் மட்டும் விரும்புவோர்க்கு, யூசர்மின் என்னும் தனிக் கருவியே உண்டு.

பெயரளவில் எல்லை

இங்கே ஓர் இடறுமிடம் உண்டு. கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு உரிமையை அளந்துவிட முடியாது. பத்துக் கூறுகளைப் பெற்றவரின் உரிமை சிறிதாக இருக்கலாம். ஒன்றே பெற்றவரின் உரிமை எல்லையற்றதாக இருக்கலாம். கட்டளைகளை நேரே இயக்கும் கூறு ஒன்றை மட்டும் ஒருவருக்குக் கட்டுப்பாடின்றிக் கொடுத்தால், வேரையே கொடுத்ததாக ஆகும். கோப்பு மேலாண்மைக் கூறும், குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் கூறும் அத்தகையனவே. அவற்றின் வழியே, கொடுக்கப்படாத உரிமைகளையும் ஒருவர் தாமே எடுத்துக்கொள்ள இயலும். ஆதலின், ‘எத்தனை கொடுத்தோம்’ என்று எண்ணுவதை விட்டு, ‘கொடுத்ததைக் கொண்டு எதுவரை செல்லலாம்’ என்று எண்ணுதல் வேண்டும்.

கொடுப்பதைப் போன்றே திரும்பப் பெறுவதும் கடமையாகும். பொறுப்பிலிருந்து விலகியவரின் பயனர் கணக்கு, எவரும் நீக்காமையால் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடப்பதுண்டு. அன்பின் பொருட்டும் கூச்சத்தின் பொருட்டும் அதனை நீக்காதிருப்பது அவருக்கு நன்மை செய்வதாகாது. அவருடைய பழைய கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்று கேடு விளையுமாயின், பதிவேட்டில் நிற்பது அவர் பெயரே. எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் பழக்கமோ இதனினும் தீயது. அங்கே பதிவேடு இருந்தும் பயனில்லை. குற்றமற்றவரும் ஐயத்திற்கு ஆளாவர். உரிமைக்கு எல்லை இடுவது ஒருவரை நம்பாமையைக் காட்டுவது என்று கருதுவோர் உளர். உண்மையில் அந்த எல்லையே அவருக்குக் காப்பாக நிற்கிறது.

கதவிலேயே கரவு

எல்லாம் செம்மையாகச் செய்தாலும் விழிப்பு தேவை என்பதற்கு 2019ஆம் ஆண்டு ஒரு சான்று தந்தது. வெப்மின் மென்பொருள் தொகுக்கப்படும் கணினியில் 2018 ஏப்ரலிலேயே எவரோ தீய நிரல்வரிகளைப் புகுத்தியிருந்தனர். கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தில் அவை மறைந்திருந்தன. 1.890 என்னும் பதிப்பை நிறுவியவர்களின் வழங்கிகளில், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ இல்லாமலே அயலார் வேர்ப் பயனராகக் கட்டளையிட இயலும் நிலை இருந்தது. 2019 ஆகஸ்டில் அது வெளிப்பட்டது, அம்மாதமே 1.930 என்னும் திருத்தப் பதிப்பும் வந்தது. உரிமைகளை நுணுக்கமாகப் பகிர்ந்திருந்தோரையும் அப்பகிர்வு காத்திருக்காது. ஏனெனில் பூட்டு இருந்த கதவிலேயே கரவு இருந்தது. புதிய பதிப்புகளை உடனுக்குடன் ஏற்பதும், நம்பத்தக்க முகவரிகளுக்கு மட்டும் வாயிலைத் திறந்து வைப்பதும், பகிர்வோடு சேர்ந்து செய்ய வேண்டியவை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

முடிவாக

‘அதிகாரம்’ என்னும் சொல் தமிழில் ஆளும் உரிமையையும் குறிக்கும். நூலின் பகுதியையும் குறிக்கும். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளை ஆராய்ந்து நம்புவது முதலாவது. நம்பிய ஆளிடம் அவருக்கேற்ற வினையை ஒப்படைப்பது அடுத்தது. முன்னதைச் செய்து பின்னதை மறப்போரே மிகுதி. நல்லவர் என்று தெரிந்ததும் திறவுகோல் கொத்து முழுவதையும் கையில் கொடுத்துவிடுகின்றனர்.

தமிழ் ஏடுகளை இனிக் காக்க இருப்போர் வழங்கிக் கணினிகளின் காவலரும் ஆவர். ஆண்டிற்கு ஒரு முறையேனும் பயனர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நின்று, ‘இவருக்கு இந்த உரிமை இன்றும் தேவையா?’ என்று கேட்பது அவர்தம் முதற்பணியாக அமையட்டும். அவ்வினா ஒன்றே பல நூல்களைக் காக்கும்.