ஏடு காத்தலே இனம் காத்தல்



சமயங்களோடு மறைந்த மொழிகளைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். மகிழ்ச்சி.

எகிப்து நாட்டின் பட எழுத்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. இறுதிக் காலத்தில் அதனைக் கோயிற் குருமார் சிலரே அறிந்திருந்தனர். பழைய சமயம் வீழ்ந்தது. எழுத்தும் உடன் மாண்டது. நாமறிந்த அதன் கடைசிக் கல்வெட்டு கி.பி. 394-இல் பொறிக்கப்பெற்றது. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் அவ்வெழுத்தின் திறவைக் கண்டறியும் வரை, 1,400 ஆண்டுகள் அக்கற்கள் ஊமையாய் நின்றன. சிலர் மட்டுமே கற்ற எழுத்து அச்சிலரோடு அழியும் என்பதே இதன் படிப்பினை.

நைல் நதிக்கரை வரை செல்வானேன்? நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனியை அடுத்து ஐவர்மலை உள்ளது. அங்கே பார்சுவநாதர் முதலிய சமணத் திருமேனிகளைச் சாந்திவீரக் குரவர் புதுப்பித்தார். வழிபாட்டிற்கு 505 காணம் பொன்னும் அளித்தார். வரகுண பாண்டியன் காலத்து, சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-க்குரிய கல்வெட்டு இதனைக் கூறுகிறது. மொழி தமிழே, எழுத்தோ வட்டெழுத்து. எம் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது ஒருவன், “ஐயா, தமிழ் என்கிறீர்கள், எங்களால் ஓரெழுத்தும் படிக்க முடியவில்லையே!” என்றான். எம்மாலும் இயலவில்லை.

பௌத்தத்தின் கதையும் அத்தகையதே. தமிழகத்தில் அது தளர்ந்ததும் பாலி கற்பார் அருகினர். குண்டலகேசி சில பாடல்களளவில் எஞ்சியது. மணிமேகலை ஏடுகள் தப்பியமையால் 1898-இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். நம் மக்கள் பூர்வ பௌத்தர் என்பது அவர் துணிபு. அவர் பாலி பயின்றார். 1907 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தினார். தம் பாட்டனார் கந்தப்பனார் காத்துவந்த திருக்குறள் ஏடே எல்லிசு துரையின் கைக்குச் சென்றது என்றும் எழுதினார். அண்ணல் அம்பேத்கரும் பாலி அகராதி தொகுப்பதில் உழைத்தார். இழந்ததை மீட்கப் புகுந்த இருவரும் முதலில் மாணாக்கராயினர் என்பதை இளைஞர்கள் உளங்கொள்ள வேண்டும்.

இனி எம் குறையொன்று சொல்வோம். எம் பாட்டனார் நாட்டு வைத்தியர். ஏட்டுக்கட்டு ஒன்று வைத்திருந்தார். அவர் காலமானபின் படிப்பார் இன்மையால், ஓர் ஆடிப்பெருக்கன்று அதனைக் குடகனாற்றில் விட்டோம். விட்ட கைகளுள் எம் சிறு கையும் ஒன்று. பள்ளி வாயில் நம்மவர்க்கு அடைக்கப்பட்டிருந்தது உண்மை. ஆயினும் ஆற்றிலிட்டவர்கள் நாமே. அவ்வேட்டில் என்ன இருந்ததென்று இன்றுவரை அறியோம்.

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பரணில் ஏடோ பழம் பத்திரமோ இருப்பின் இக்கழகத்திற்குக் கொணருங்கள். பாட்டியர் பாடும் ஒப்பாரியையும் குலதெய்வக் கதையையும் எழுதி வையுங்கள். பெண்மக்களின் படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். சிலர் மட்டும் கற்றால் எழுத்து அழியும் என்பதைக் கண்டோம். உங்களுள் ஒருவரேனும் கல்வெட்டியல் பயின்று, ஐவர்மலைக் கல்லை எமக்குப் படித்துக் காட்டுங்கள். இருபத்தைந்தாண்டு நடந்த கழகத்திடம் இக்கிழ ஆசிரியன் கேட்கும் பரிசு அதுவே.