பேட்டரி காருக்கு என்ன டயர்?

பேட்டரி கார் வைத்திருக்கும் சிலர் சொல்வதுண்டு: "கார் சத்தமே போடவில்லை. ஆனால் டயர் சத்தம் தாங்கவில்லை!"

காரணம் இருக்கிறது. பெட்ரோல் காரில் என்ஜின் இரைச்சல் டயர் சத்தத்தை அமுக்கிவிடும். இங்கே அமுக்க ஆளில்லை. பேட்டரியின் கனம் வேறு. ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே முழு இழுவையும் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. அதனால் டயர் சீக்கிரம் தேய்கிறது.

புது டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டைப் படியுங்கள். அளவுக்குப் பிறகு வரும் எண், எடை தாங்கும் குறியீடு. 91 என்றால் 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. கார் கம்பெனி சொன்ன எண்ணைவிட அது குறையக் கூடாது. 2325 என்று நான்கு இலக்கம் இருந்தால், 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம்.

சத்தம் குறைய, சில டயர்களின் உட்புறத்தில் நுரைப்பஞ்சு ஒட்டியிருப்பார்கள். உள்ளே எழும் காற்றதிர்வை அது உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சர் பார்ப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

நெடுநாள் உழைக்க வேண்டுமா? வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடேறாதபோது காற்று பாருங்கள். ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

ஒருத்தர் கடையில் கேட்டாராம்: "இந்த டயர் எவ்வளவு தூரம் ஓடும்?"

கடைக்காரர் சொன்னார்: "அதுவா ஓடினா ரொம்ப தூரம் ஓடும் சார். நீங்க ஓட்டுறதைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்!"