ஆனதோத்துக் காணியின் உறுதி



தீர்க்கதரிசி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, ஐயம் என்பதையே அறியாமல் இடிமுழக்கமாய்ப் பேசும் ஒரு மனிதரின் உருவமே. எபிரேய வேதத்திலுள்ள எரேமியாவின் நூலை முழுமையாக வாசித்தவர்களிடம் அந்த உருவம் நிலைக்காது. இவர் அழுதவர். தாம் பிறந்த நாளைச் சபித்தவர். தம்மை அழைத்த இறைவனோடே வழக்காடியவர். விசுவாசத்துக்கும் பொறுமைக்கும் உதாரணம் காட்ட இப்படிப்பட்ட ஒருவரா, யோபுவைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். யோபுவினது, இழந்தவற்றைத் தாங்கிக்கொண்ட பொறுமை. எரேமியாவினதோ வேலை செய்துகொண்டே காத்திருந்த பொறுமை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். குறிப்பாக, அவர் ஒரு காணி வாங்கிய கதையைப் பற்றி.

எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஆனதோத் அவருடைய ஊர். ஆசாரியர் குடும்பத்தில் பிறந்தவர். யோசியா மன்னனின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், அவருடைய பணி தொடங்கியது. எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது கி.மு. 587இல், 586 என்போரும் உளர். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அதில் 23 ஆண்டுகள் கழிந்த நிலையில், இத்தனை காலமும் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை என்று மக்கள் முன்னே அவரே கணக்குச் சொல்கிறார். கேளாதது மட்டுமன்று, சொந்த ஊரவர்களே அவரைக் கொல்லத் திட்டமிட்டார்கள். அந்த ஊர் ஆனதோத் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யோயாக்கீம் மன்னனின் காலத்தில் எரேமியா சொல்லச் சொல்ல, பாருக் என்ற எழுத்தர் ஒரு சுருளில் எழுதினார். அது அரண்மனைவரை சென்றது. குளிர்காலம்; மன்னனின் முன்னே கணப்புச் சட்டி எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படுவதும், மன்னன் அவற்றை எழுத்தரின் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பிலே போடுவதுமாக முழுச் சுருளும் சாம்பலாயிற்று. எரேமியா என்ன செய்தார்? வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கின் கையிலே கொடுத்தார். மீண்டும் முதலாவது சொல்லிலிருந்து தொடங்கினார்கள். இரண்டாவது சுருள் முதலாவதிலும் நீண்டது என்று நூல் குறிப்பிடுகிறது. கையெழுத்துப் பிரதியைத் தொலைத்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தவர்களுக்கு இது எத்தகைய வேலை என்பது தெரியும்.

எரிக்கவேண்டாம் என்று மன்னனிடம் மன்றாடியவர்களுள் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. 1982இல் எருசலேமின் தாவீதின் நகரம் என்னும் பகுதியை அகழ்ந்தபோது கிடைத்த களிமண் முத்திரைகளில் ஒன்றில் அதே பெயர், தகப்பனின் பெயரோடு, பொறிக்கப்பட்டிருந்தது. இவர் அவரே என்பது அறிஞர் பலருடைய கருத்து. நகரம் எரிந்தபோது ஆவணங்கள் அழிந்தன. அதே தீயிலே சுடப்பட்டதால் களிமண் இறுகி நிலைத்துவிட்டது.

சிதேக்கியா மன்னனின் நாலாம் ஆண்டில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி. பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தடியோடு திரிகிறார். ஆலயத்திலே, எல்லோரும் பார்த்திருக்க, அனனியா என்ற தீர்க்கதரிசி எதிரே வந்து, இரண்டே ஆண்டில் சிறைப்பட்டோர் யாவரும் திரும்புவர் என்று அறிவித்து, அந்த நுகத்தடியை முறித்துப் போடுகிறார். எரேமியா சிறைப்பட்டோருக்கு எழுதிய கடிதத்திலோ எழுபது ஆண்டுக் கணக்கு இருக்கிறது; வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. இரண்டு ஆண்டு என்பவருக்கும் எழுபது ஆண்டு என்பவருக்கும் இடையே கூட்டம் யாரை விரும்பும் என்று சொல்லவேண்டியதில்லை. எரேமியா கூறியது, அப்படியே ஆகட்டும் என்பதுதான். சமாதானம் சொல்பவனின் வாக்கு நிறைவேறிய பின்னரே அவனை நம்பலாம் என்று ஓர் எச்சரிக்கையும் விடுத்து, தம் வழியே போய்விட்டார். இறைவாக்கு அவருக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்த வேளையிலே அவரிடம் பதில் இல்லை; இல்லாத பதிலை அவர் உருவாக்கவும் இல்லை. நுகத்தடி சுமந்ததைவிட, முறிந்த நுகத்தடியை விட்டுவிட்டுப் பேசாமல் நடந்துபோனதே பெரிது என்பேன். நகரம் வீழ்ந்த பின்னரும் இதே போக்குத்தான். நாம் எங்கே போவது என்று எஞ்சிய மக்கள் பதைப்போடு கேட்டபோது, பத்து நாள் கழித்தே மறுமொழி சொன்னார்.

இனிக் காணிக்கு வருவோம். சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டு. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து மண்மேடுகள் எழுப்பிவிட்டது. பட்டினியும் கொள்ளைநோயும். எரேமியா காவல்முற்றத்தில் கைதியாக இருக்கிறார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன் அனாமெயேல், ஆனதோத்திலுள்ள தன் வயலை வாங்கும்படி கேட்டு வருவான் என்று அவருக்கு உள்ளே ஒரு குரல் சொல்கிறது. உறவினன் காணி கைமாறிப் போகாமல் மீட்பது அந்தச் சமூகத்தின் வழக்கம். அனாமெயேலும் வருகிறான். அப்போதுதான் அது இறைவனின் வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார் எரேமியா. நாற்பது ஆண்டுக் காலம் தீர்க்கதரிசியாக இருந்தவர், தம் உள்ளத்தில் எழுந்த குரலைக்கூட, வாசலிலே ஆள் வந்து நிற்கும்வரை நிச்சயமாகக் கொள்ளவில்லை. இதை எத்தனைபேர் கவனித்திருப்பார்களோ தெரியாது.

விலை 17 சேக்கல் வெள்ளி. நாணயம் வழங்காத காலம். தராசிலே நிறுத்துக் கொடுக்கவேண்டும். இன்றைய அளவில் இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் இருக்கும்படி மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். பக்கத்திலே ஒரு நொத்தாரிசு இருந்து எழுதியதுபோல் அத்தனை விபரமும் நூலில் உண்டு. பிற்காலத்திலும் இத்தகைய இரட்டைப் பிரதி வழக்கு இருந்தது. பாபாத்தா என்ற பெண்மணி யூதேயப் பாலைவனக் குகையொன்றில் ஒளித்துவைத்த அத்தகைய பத்திரங்கள் 1961இல் கிடைத்தன.

நமது நாட்டிலே காணிப் பத்திரத்தை உறுதி என்கிறோம். மனத்திண்மைக்கும் அதே சொல்தான். உடுத்த உடையோடு வீட்டைவிட்டு ஓடியபோதும் உறுதியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடியவர்களை நாம் அறிவோம். எதிரியின் பாசறைக்கு அப்பால் கிடந்த வயலுக்கு எரேமியா உறுதி எழுதியது எத்தகைய செயல் என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

உறுதி முடிந்து பாருக் போன பிறகுதான் அவருக்குத் தடுமாற்றம் வருகிறது. நகரமோ எதிரி கையில் போகப்போகிறது, நீரோ காணி வாங்கு என்கிறீரே என்று பிரார்த்தனையிலே இறைவனைக் கேட்கிறார். கேள்வி முதலிலும் பணம் பின்னரும் என்பது நம் வழக்கம். அவர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார். கிடைத்த மறுமொழி, இந்த நாட்டிலே மீண்டும் வயல்கள் விலைக்கு வாங்கப்படும் என்பதே.

அவர் அந்த வயலில் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ எங்கும் குறிப்பில்லை. நகரம் வீழ்ந்தது. பாபிலோனியத் தளபதி தம்மோடு வர அழைத்தும் போகாமல், எஞ்சிய ஏழைகளோடு தங்கினார். பின்னர் அதே மக்கள், பத்து நாள் காத்திருந்து பெற்ற வாக்கையும் தள்ளிவிட்டு, அவரையும் பாருக்கையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவர் திரும்பியதாகத் தெரியவில்லை. மண்பாத்திரம் என்னவாயிற்று என்றும் நூல் கூறவில்லை.

பாபிலோன் கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசிடம் வீழ்ந்தது. சிறைப்பட்டோர் ஊர் திரும்பத் தொடங்கினர். திரும்பியவர்களின் பட்டியலொன்று எஸ்றாவின் நூலிலே இருக்கிறது. ஊர் ஊராகத் தலையெண்ணி எழுதிய வரட்சியான பட்டியல். வாசிப்போர் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவர். அதிலே ஓரிடத்தில், ஒரு காலம் எரேமியாவைக் கொல்லத் தேடிய ஊரின் பெயர் வருகிறது. ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.