இந்தக் கப்பல் படத்தில் என்ன குறை?

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மண்டப வாசலில் பெயர் பதியும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் படம் மாட்டியிருக்கிறது. நான் எடுத்தது. தொழில் பொறியாளர் வேலை. படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் "சூப்பர்டே", "நல்லாருக்குப்பா" என்று தோளில் தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் படத்துக்குக் கீழே ஒரு நோட்டும், நூலில் கட்டின பேனாவும் இருக்கிறது. "இந்தப் படத்தில் என்ன குறை?" என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு வரிகூட விழவில்லை! அதைப் பற்றித்தான் பத்து நிமிஷம் பேச வந்திருக்கிறேன்.

நம்ம ஊரில் கடல் கிடையாது. ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டம்தான் நமக்குக் கடல். கோவில்பட்டி வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். 2011 முதல் துறைமுகத்துக்கும் அவர் பெயர்தான். துறைமுகத்துக்குள்ளே அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதால், வெளியே கடற்கரையில் நின்று எடுத்தேன். அங்கே கடல் கிழக்குப் பக்கம். காலையில் எடுத்தால் சூரியன் கப்பலுக்குப் பின்னால் நின்று அதைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். சாயங்கால வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழும். பெயின்ட், துரு, ஏணி எல்லாம் தெரியும்.

இந்தப் படத்தை உண்மையாகவே 'பார்த்தவர்கள்' இரண்டு பேர். ஒருவர் நம்மூர் ஸ்டுடியோக்காரர். "ஓரத்துல எதுக்கு இந்தத் தோணி? வெட்டிருங்க சார்" என்றார். மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகிற தோணி அது. அது பக்கத்தில் இருந்தால்தான் கப்பல் எவ்வளவு பெரிது என்று தெரியும் என்றேன். அரைமணி நேர வாதம். தோணி தப்பித்தது, மேலே இருந்த வெற்று வானத்தை அவர் சொன்னபடி குறைத்தோம். படம் இன்னும் கச்சிதமாக வந்தது.

இன்னொருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். "தம்பி, இது வெறுங்கப்பல்லா? அடிச்சிவப்பு எவ்வளவு தெரியுது பாருங்க. மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கு" என்றார். இந்த மாதிரிச் சரக்குக் கப்பலில் எஞ்சின் பின்பக்கம். சரக்கு இல்லாதபோது பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் உயர்ந்து நிற்கும். ஆகவே மேல்தளத்தை மட்டமாக வைத்துப் படம் எடுத்தால் கடல் சாய்ந்துவிடும். மட்டம் பார்க்க வேண்டியது தொடுவானத்தை வைத்து. புத்தகம் படித்துக் கிடைக்காத பாடம்!

படத்தில் கப்பலின் நடுவயிற்றுப் பக்கம் உற்றுப் பாருங்கள். ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர், கோட்டின் நீளம் 450. பக்கத்தில் ஏணிப்படி மாதிரிச் சின்னக் கோடுகள்: கோடைக்கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வெப்பமண்டலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. அந்தந்த நீரில் அந்தந்தக் கோடு முழுகும் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றக் கூடாது.

அந்தக் கோடே ஒரு விமர்சனத்தால் பிறந்ததுதான். 1870-களில் இங்கிலாந்தில் பழைய கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்புவார்கள். கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு இன்சூரன்ஸ் பணம், மாலுமிக்குக் கடல். 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே அவற்றுக்குப் பெயர். சாமுவேல் பிளிம்சால் என்ற பாராளுமன்ற உறுப்பினர் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். 1875-ல் சபையிலேயே கொதித்துப் போய்ப் பேசினார். 1876-ல் கோடு கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள், கோட்டை எங்கே போடுவது என்பது கப்பல் முதலாளியின் இஷ்டம்! 1890-ல்தான் இடத்தையும் சட்டம் நிர்ணயித்தது. இடையில் 14 வருஷம் கோடு இருந்தது, பாதுகாப்பு இல்லை.

நம் தொழிலிலும் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. உத்தரத்தையும் கம்பியையும் பார்க்காமல் அதில் போடுகிற கையெழுத்து, முதலாளி இஷ்டத்துக்குப் போட்ட கோடு மாதிரிதான். "சூப்பர்" என்ற வார்த்தையும் அப்படித்தான். பார்த்ததாகக் காட்டும், பார்த்திருக்காது.

இன்று மதியம் இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் தங்கள் ப்ராஜெக்டுகளைக் காட்டப் போகிறார்கள். நாம் முதுகில் தட்டினால் சாயங்காலம் வரை சந்தோஷப்படுவார்கள். ஆனால் இன்னும் சில மாதத்தில் இன்டர்வியூவில் முகம் தெரியாதவர்கள் கேள்வி கேட்பார்களே, அப்போது? தயவுசெய்து ஆளுக்கு ஒன்றாவது குறிப்பிட்டுச் சொல்லுங்கள். எதைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில், என்ன செய்தால் சரியாகும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நல்லா இல்ல" என்று மட்டும் சொல்வதும் "சூப்பர்" மாதிரியே சோம்பேறித்தனம். தம்பி தங்கைகளே, சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. காரணம் இருந்தால் உங்கள் தோணியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். வானத்தை மட்டும் வெட்டக் கொடுங்கள்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த நோட்டில் நாலு பக்கமாவது நிரம்பும் என்று நம்பி விடைபெறுகிறேன்.