விண்மீன் உலையும் நம் ஊர் உலையும்



பத்தாண்டு நிறைவு விழாவில் விண்மீன்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. நம் வட்டத்தில் படிக்கப்பெறும் கவிதைகளில் விண்மீன் தலைகாட்டாத மாதம் இல்லை. என்றும் உள்ளது, மாறாதது என்ற பொருளிலேயே அது வருகிறது. வானியலார் கண்டிருப்பதோ வேறு.

பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதாகும். ஒளி நம்மை வந்தடைய அத்தனை காலம் ஆகிறது. அருகே, தொலைவே, இன்னும் தொலைவே என்று நோக்கிக் கணக்கிட்டதில், விண்மீன்கள் மிகுதியாகப் பிறந்த காலம் சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெரிந்தது. இன்று பிறப்பது அதில் ஏறக்குறைய பத்திலொரு பங்கே. நம் பால்வெளி மண்டலத்தில் ஆண்டொன்றுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் அளவு பொருள்தான் புதிய விண்மீன்களாகிறது.

ஏன் இப்படிக் குறைந்தது?

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாது, மரக்கரி நெருப்பு. ஆலை நின்றுபோனதற்குக் காரணங்கள் பல. கரி கிடைப்பது அரிதானது அவற்றுள் ஒன்று. விண்மீன் உலைக்கு ஹைட்ரஜன் வளியே கரி. உவமை முழுதும் பொருந்தாது. இங்கே கரியே இரும்பாகவும் ஆகிறது. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதை ஒப்புக்கொள்ளாமல் தப்ப முடியாது.

அந்தக் கரி எவ்வளவு இருந்தது என்று அளந்தவர்கள் நம் நாட்டவர். புனே அருகே கோடத் என்னும் ஊரில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 அலைவாங்கிகள் கொண்ட ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் நீள அலையை வெளியிடும். 800 கோடி ஆண்டுகள் பயணம் செய்த அந்த அலை, பேரண்டம் விரிவதால், ஏறத்தாழ இருமடங்காக நீண்டு வருகிறது. ஒரு மண்டலத்தின் குரல் தனியே கேட்காது. எனவே ஆதித்ய சௌத்ரி, நிஸ்ஸிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலியோர் 7,653 மண்டலங்களின் குரலை ஒன்றுசேர்த்துக் கேட்டார்கள். கிடைத்த விடை வியப்பானது. அன்று கையிருப்பில் இருந்த அணுநிலை வளி, அன்றைய வேகத்தில் விண்மீன் செய்ய, நூறு முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்கே போதும்! வெளியிலிருந்து புதுவளி போதிய அளவு வந்து சேராததே பிறப்பு குறைந்ததற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

2020 அக்டோபரில் அக்கட்டுரை வெளிவந்தது. அத்தொலைநோக்கியை அமைத்த கோவிந்த் ஸ்வரூப் முந்தைய மாதம்தான் மறைந்திருந்தார். 1970-இல் உதகை அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை எழுப்பியவரும் அவரே. அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கவேண்டும் என்று, அவ்விடத்து அட்சரேகைக்கு ஏற்பச் சுமார் 11 பாகை சரிந்த மலையைத் தேடிப் பிடித்தார்கள். வெள்ளாற்று முகத்தில் நின்று நேர் மேற்கே கோடு இழுத்தால், அது ஏறக்குறைய அந்த மலைச்சரிவுக்குத்தான் போகும்.