கோடையிலும் பசுங்கறி



மே முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழை அரிது. சோழகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகின்றது. நமது கிணற்று நன்னீரோ சுண்ணாம்புக் கல்லினுள் உவர்நீரின்மேல் மிதப்பதாகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர்நீர் மேலெழும். பின்னர் அந்நீர் பயிருக்கும் உதவாது, குடிக்கவும் உதவாது. ஆதலால், இறைப்பைக் கூட்டாது ஈரத்தைக் காப்பதே வழி.

வீட்டருகே இரண்டு சிறு பாத்திகளில் உக்கிய மாட்டெருவைக் கலந்து, கத்தரியும் வெண்டியும் பயிரிடுக. கன்றுகளின் அடிமண்ணை வைக்கோலால் நான்கு விரற்கிடை மூடுக. வைக்கோல் தண்டை ஒட்டலாகாது. வெயில் தணிந்தபின் நீர் ஊற்றுக. குளித்த நீரை வாழைக்குத் திருப்புக.

கோடையிலும் பிள்ளைகளுக்குப் பசுங்கறி கிடைக்கும், கிணறும் உவராது.