தவளை நம் வாயால் கெடும்!

(‘மிட்டாயில் நம்மைப் பெரிதும் மயக்குவது உருவமா? சுவையா?’ என்ற தலைப்பில் மெல்பர்ன் நகரத் தமிழர் மேடையில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சுவையே’ அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு சாக்லேட் தவளையைத் தூக்கிக் காட்டினார். ‘இந்த முகத்தைப் பாருங்கள்! இந்தச் சிரிப்பைப் பாருங்கள்! இதிலே மயங்காத குழந்தை உண்டா?’ என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி. பேசி முடித்ததும் அந்தத் தவளையை அவர் என்ன செய்தார்? சட்டைப் பையிலே குத்திக்கிட்டாரா? வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியிலே வைக்கப் போறாரா? நாற்காலியிலே உட்கார்ந்தார், வாயிலே போட்டார். அதிலும் தலையைத்தான் முதல்ல கடிச்சார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஏன் தம்பி, அந்த முகத்திலே மயங்கின மனுஷன் செய்யிற காரியமா இது?

தம்பி வரலாறு சொன்னார். அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. இதே மெல்பர்னில், ஃபிட்ஸ்ராய் பகுதியில், 1880-ஆம் ஆண்டு மேக்ஃபர்சன் ராபர்ட்சன் என்கிற இளைஞர் வீட்டுக் குளியலறையிலே சர்க்கரை காய்ச்சி மிட்டாய்த் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் அது ‘மேக்ராபர்ட்சன்’ என்ற பெரிய ஆலையாக வளர்ந்தது. 1930-இல் அந்த ஆலையிலே பிறந்ததுதான் ‘ஃப்ரெடோ’ என்கிற இந்தத் தவளை. முதலில் எலி உருவத்திலே செய்யலாம் என்று நினைத்தார்களாம். அங்கே வேலை பார்த்த 18 வயசுப் பையன், பெயர் ஹாரி மெல்பர்ன் – ஊர்ப் பெயரே அவர் பெயர் – ‘எலின்னா பெண்களும் குழந்தைகளும் பயப்படுவாங்க, தவளையா செய்யலாமே’ என்று யோசனை சொன்னாராம். 1967-இல் அந்தக் கம்பெனியே கேட்பரி கைக்குப் போய்விட்டது. தவளை மட்டும் மறையவில்லை. ‘உருவத்தின் வெற்றி இதைவிட என்ன?’ என்று தம்பி மேஜையைத் தட்டினார்.

நான் கேட்கிறேன். எலி பயமுறுத்தும், தவளை பயமுறுத்தாது. அதுவரைக்கும் உருவத்துக்கு வேலை இருக்கு. பயமில்லாமல் ஒரு தடவை வாங்க வைக்கும். இரண்டாவது தடவை? பத்தாவது தடவை? தன் பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் வாங்கிக் கொடுக்க வைத்தது எது? கல்யாணப் பத்திரிகை பளபளன்னு இருக்கு, ஆசையா போறோம். பந்தியிலே உட்கார்ந்த பிறகு யாராவது பத்திரிகையைத் தின்பார்களா? (சிரிப்பு) உருவம் பத்திரிகை. சுவைதாங்க பந்தி!

நேற்று இரவு இங்கே மகள் வீட்டிலே ஒரு சோதனை செய்தோம். அதே தவளை, ஆனால் மூன்று வகை: வெறும் பால் சாக்லேட் ஒன்று, உள்ளே ஸ்ட்ராபெரி வைத்தது ஒன்று, பெப்பர்மின்ட் வைத்தது ஒன்று. பேரனுக்கு ஆறு வயது. அவன் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டோம். ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். மூன்றையும் தப்பில்லாமல் சொன்னான். துண்டை அவிழ்த்துவிட்டு, உறையை நீக்கி மூன்று தவளையையும் வரிசையாக உட்கார வைத்து, ‘தொடாமல், மோந்து பார்க்காமல் சொல்லுடா, எது ஸ்ட்ராபெரி?’ என்றேன். முழிச்சான்! தவளையும் முழிச்சுது! (சிரிப்பு) முகம் ஒன்று, கால் ஒன்று, சிரிப்பும் ஒன்று. வேறுபாடெல்லாம் உள்ளே இருக்கிறது. எதிரணியினரே, உருவமே போதும் என்றால் கம்பெனிக்காரன் ஒரே சாக்லேட்டை ஊற்றிவிட்டுப் போயிருக்கலாமே? ஸ்ட்ராபெரிக்கும் பெப்பர்மின்டுக்கும் எதற்கு மெனக்கெட்டான்?

சுவைத்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்குங்க. சாக்லேட்டைக் கடகடன்னு கடிக்கக் கூடாது. நாக்கிலே வைத்து மேலண்ணத்தோடு அழுத்திக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். எங்க அணித் தோழருக்கு அது சிரமம். (சிரிப்பு) கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியிலே உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனாலே கையிலே கெட்டியாக இருக்கிறது, வாய்க்குள் போனதும் தானாக வழுக்கி ஓடுகிறது. பால் சாக்லேட்டிலே முதலில் இனிப்பு வரும். அடுத்து காய்ச்சின பாலின் மணம். எல்லாம் போன பிறகு அடிநாக்கிலே ஒரு சின்னக் கைப்பு எட்டிப் பார்க்கும். அந்தக் கைப்புதான் கோக்கோவின் கையெழுத்து. ஸ்ட்ராபெரியிலே இனிப்போடு ஒரு புளிப்பும் கூடவே வரும். பெப்பர்மின்டைக் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். அதை முதலில் சாப்பிட்டால், அந்தக் குளிர்ச்சி அடுத்த இரண்டையும் சுவைக்க விடாது. நடுநடுவே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே ஸ்ட்ராபெரித் தவளையைச் சாப்பிட்டுப் பாருங்கள். இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், ஸ்ட்ராபெரி தெரியாது! மூக்கை விடுங்கள், குபீர்னு வந்து நிற்கும். தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்கு ஏறுகிற மணம்தான் ‘இது ஸ்ட்ராபெரி, இது வெறும் பால்’ என்று பெயர் சொல்கிறது. சுவை என்பது நாக்கும் மூக்கும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம்.

எங்கள் தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை அறிவால் வரிசைப்படுத்துகிறார். முதல் அறிவு தொடுவது. இரண்டாவது நாக்கு. மூன்றாவது மூக்கு. நான்காவதாகத்தான் கண்! எதிரணிக்காரர்கள் கட்டி அழுகிற கண் இருக்கிறதே, அது நாக்குக்கும் மூக்குக்கும் பின்னாலே வரிசையிலே நிற்கிறது! (பலத்த கைதட்டல்)

சகோதரி ஒருவர் புத்திசாலித்தனமாக ஒரு சான்று சொன்னார். பிரிட்டனிலே கேட்பரி பால் சாக்லேட்டின் கட்டிகளை முனை மழுங்க வளைவாக்கினார்கள். ‘ருசி மாறிப்போச்சு, இனிப்பு கூடிப்போச்சு’ன்னு மக்கள் புகார் சொன்னார்கள். ‘செய்முறையை மாற்றவே இல்லை’ என்றது கம்பெனி. ஆக, உருவம் மாறினால் சுவையே மாறுகிறது என்கிறார் சகோதரி. ஏற்கிறேன் அம்மா. ஆனால் அந்த மக்கள் வாயைக் கவனித்தீர்களா? ‘ஐயோ, என் சதுரம் போச்சே’ன்னு எத்தனை பேர் அழுதார்கள்? ‘என் ருசி போச்சே’ன்னுதானே அழுதார்கள்! உருவத்தைத் தொட்டாலும் கேள்வி சுவைக்காகத்தான் எழுகிறது. 2016-இல் டோப்லரோன் மலை மலையாக இருந்ததை இடைவெளி விட்டுச் செய்தார்கள், பிரிட்டனிலே கூச்சல் கிளம்பியது என்றார்கள். கூச்சல் ஏன்? 400 கிராம் கட்டி 360 கிராம் ஆகிப்போச்சு! வாய்க்குப் போகிற பண்டம் குறைந்த கோபமய்யா அது!

உருவம் எத்தனை நாள் தாங்கும் தெரியுமா? 2022 ஏப்ரலிலே மகள் இங்கிருந்து மதுரைக்கு வந்தாள். ஒரு பொட்டலம் தவளை கொண்டு வந்தாள். மதுரை ஏப்ரல் வெயிலுக்கு 34 டிகிரி எந்த மூலைக்கு? பெட்டியின் மேல்பக்கம் இருந்த தவளைகள் எல்லாம் உறைக்குள்ளேயே கூழ் ஆகிவிட்டன. குளிர்பெட்டியிலே வைத்து எடுத்தால் கண்ணும் இல்லை, காலும் இல்லை, மேலே வெள்ளை பூத்த வெறும் கட்டி. தெருப் பிள்ளைகள் வேண்டாம்னா சொன்னார்கள்? உறையை நக்கித் தீர்த்துவிட்டுத்தான் போனார்கள்! (சிரிப்பு)

அடியில் இருந்த சில தவளைகள் முழுசாகத் தப்பின. அதிலேதான், நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

2021 மே மாதம் என் மனைவிக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போய்விட்டது. வாசனை திரும்பவில்லை. எங்கள் வீட்டிலே கூடத்தில் இருந்தபடியே அடுக்களையில் கொதிக்கிற ரசத்துக்குப் பெருங்காயம் போதுமா போதாதா என்று சொல்கிறவர் அவர். அவரே தட்டைப் போட்டுவிட்டு, ‘பெருங்காயம் போட்டேனா இல்லையா, நீங்களே பாத்துச் சொல்லுங்க’ என்று என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டின் அளவு குறைந்தது. பேச்சும் குறைந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம். அப்போதுதான் மகள் தவளையோடு வந்தாள்.

மூன்றையும் கொடுத்தோம். முதலாவது: ‘இனிப்பா இருக்கு.’ இரண்டாவது, ஸ்ட்ராபெரி: ‘இதுவும் இனிப்பு, லேசா புளிக்குது.’ மூன்றாவது: ‘இது மட்டும் சில்லுனு இருக்கு.’ பெப்பர்மின்டின் குளிர்ச்சியைச் சொல்கிற நரம்பு வேறு, அதனால் அது மட்டும் தெரிகிறது என்று பிறகு மருத்துவர் விளக்கினார். மூன்றும் தின்று முடித்துவிட்டு என் மனைவி சொன்னார்: ‘தவளை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சாக்லேட்டே தெரியலை.’

கண் பழுதில்லை. உருவம் முழுசாக இருந்தது. சிரிக்கிற முகம் அப்படியே இருந்தது. எதிரணியினரே, உங்கள் உருவம் அன்றைக்கு என் மனைவிக்கு என்ன தந்தது? (அமைதி)

மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் – காலையும் மாலையும் நினைவோடு மோந்து பார்க்க வேண்டும். எதுவும் தெரியாமலேயே மாதக்கணக்கில் மோந்தார். அந்த வருஷம் மழைக்காலத்திலே ஒரு சாயங்காலம், திண்ணையிலே உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து, ‘பக்கத்து வீட்ல பால் அடிப்பிடிக்குதுங்க, போய்ச் சொல்லுங்க!’ என்றார். அடுத்த வீட்டுப் பால் தீய்ந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் உலகத்திலே நான் ஒருவன்தான்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

அதனால் தாய்மார்களே, ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குச் சாக்லேட் கொடுக்கும்போது ‘சீக்கிரம் முழுங்கு, வேன் வந்தாச்சு’ன்னு சொல்லாதீங்க. எங்கள் பொட்டலத்துத் தவளை ஒன்று 12 கிராம்தான். கடித்து விழுங்கினால் பத்து நொடியிலே தீர்ந்து, இன்னொன்று கேட்கும். உருக விட்டால் ஒன்றே போதும். ‘என்ன தெரியுது? எது முதல்ல வந்துச்சு? எது கடைசியா நின்னுச்சு?’ன்னு கேளுங்க. நாக்கையும் மூக்கையும் பேசப் பழக்குங்க. அது இருக்கும்போதே அதன் அருமை தெரியட்டும்.

நடுவர் அவர்களே, ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பார்கள். இந்தத் தவளை நம் வாயால் கெடுகிறது. கெட்டால்தான் அதற்கு வாழ்வு! இதோ உங்கள் மேஜையிலே ஒன்று வைக்கிறேன். லஞ்சம் இல்லை, சான்றாவணம். (சிரிப்பு) கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுங்கள். உருவம் மறைந்த பிறகும் எது நாக்கிலே நிற்கிறதோ, அதற்கே தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)